மாமா காக்கி போடாத சாயங்காலம்

ஒருவர் உங்களுக்கு ஒரு பொய்யையும் சொல்லிக்கொடுத்து, கையில் இரண்டு சந்தேஷ் இனிப்பும் திணித்தால் உங்களுக்குச் சந்தேகம் வருமா, வராதா? எட்டு வயதில் எனக்கு வந்தது. அதுவும் சிஐடி ரேஞ்சுக்கு வந்தது.

அம்மாவின் தம்பி, வங்காளத்தில் சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் காவலர். எங்களுக்கு எதிர் குவார்ட்டர்ஸ். கடைசிப் பத்து நாளாக அவர் போக்கே சரியில்லை. நாலு மணியானால் லுங்கியைக் கட்டிக்கொண்டு யார்டுக்குக் கிளம்பிவிடுவார். லத்தி கிடையாது, விசில் கிடையாது. சரக்கு வேகனை உடைத்துத் திருடுகிற கும்பல் என்று எல்லோரும் கைகாட்டும் ஆட்களோடு உட்கார்ந்து அவர் பீடி பிடித்ததை நானே பார்த்தேன். கேஸ் முடிந்தது: மாமாவும் அவர்களோடு கூட்டு.

அப்படிப் போன ஒரு சாயங்காலம் ரயிலில் அடிபட்டு இறந்துபோனார். திருடனைத் துரத்தினார் என்றார்கள். திருடனோடு ஓடினார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வருவதாக இருந்த காலையில், மாமி என்னை அடுக்களைக்கு இழுத்துப்போனாள்.

"யாரு கேட்டாலும் மாமா காக்கி போட்டுட்டுத்தான் போனாருன்னு சொல்லு."

"லுங்கியில்ல கட்டிட்டுப் போனாரு?"

"வாய மூடுடி. காக்கி. அவ்ளோதான்." என் கையில் இரண்டு சந்தேஷைத் திணித்தாள்.

பார்த்தீர்களா? திருடனின் மனைவி வேறு எப்படிப் பேசுவாள்?

அதிகாரி கிளம்பும்போது ஜீப் பக்கத்தில் நான்தான் நின்றேன். மாமா போனதைப் பார்த்தாயா, என்ன உடையில் போனார் என்று வங்காளத்தில் கேட்டார்.

"லுங்கி, அங்கிள்."

"அப்படின்னா டியூட்டி இல்லையா?"

"டியூட்டின்னா காக்கி போடுவாரே!"

குறித்துக்கொண்டு என் கன்னத்தைத் தட்டினார். நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அந்த வருடம், பணியில் இறந்த காவலர்களுக்கான அணிவகுப்புக்கு மாமி விடியற்காலையே எழுந்து புறப்பட்டாள். துப்பாக்கிகளைத் தலைகீழாகப் பிடித்து நின்றார்கள். ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் மாமி நாற்காலி நுனிக்கு வந்தாள். பிறகு பியூகிள் ஊதினார்கள்.

"முடிஞ்சிடுச்சா அண்ணே?" என்று அப்பாவைக் கேட்டாள்.

திருடனைப் பிடிக்கப் போகிறவர் காக்கியில் போக முடியாது என்பது எனக்கு அப்போது தெரியாது. மாமாவை அப்படிப் போகச் சொன்ன இன்ஸ்பெக்டர் எதையும் எழுதித் தரவில்லை என்பதும், மாமா செத்த மறுநாளே 'நான் அனுப்பவில்லை' என்று கைகழுவிவிட்டார் என்பதும் தெரியாது. அந்தக் காக்கிப் பொய்யை விட்டால் மாமியிடம் வேறு சாட்சியே இல்லை என்பதும் தெரியாது.

மாமா பணியில்தான் இறந்தார் என்று ஒப்புக்கொள்ளக் கேட்கும் மாமியின் ஒன்பதாவது மனுவை இப்போது நான்தான் டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன்.