பொம்மைக்கு நான் கொடுத்த குரல்

சிதம்பரம் புறவழிச்சாலையில் இருந்த அந்தப் பயிற்சிக் கூடத்தில் என்னை எடுத்தது தரை துடைக்கத்தான். பொம்மைக்குப் பேசுகிற வேலை பின்னால் வந்து சேர்ந்தது.

ஆள் உயர ரப்பர் பொம்மை. மூச்சு விடும், நாடி துடிக்கும், கண் சிமிட்டும். பேச மட்டும் ஆள் வேண்டும். பக்கத்து அறையில் பொத்தானை அழுத்திக்கொண்டு மைக்கில் பேசினால் அதன் வாயிலிருந்து குரல் வரும். நடுவில் ஒரு கண்ணாடி. எங்களுக்கு மாணவர்கள் தெரிவார்கள். அவர்களுக்கு அவர்கள் முகம்தான் தெரியும். முன்பு பேசிக்கொண்டிருந்தவர் வேலையை விட்டு நின்றுவிட்டதும், கூடத்தை நடத்திய டாக்டரம்மா என்னைப் பேசச் சொல்லிப் பார்த்தார். நாலு வரிக்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

"சூப்பர். இவரு நடிக்கவே வேணாம்" என்றார்.

நான் எங்கே நடித்தேன்? கடலூரிலிருந்து பத்து மணி வேலைக்கு ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கிறவன் நான். ரயில்வே கேட் போட்டுவிட்டால், டயர் வெடித்துவிட்டால் என்று. பஸ்ஸில் உட்கார்ந்ததும், மோட்டாரை அணைத்தேனா என்று வீட்டுக்கு போன். என் சாதாரண மூச்சே அப்படித்தான். எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு மைக் பிடிக்கிற வேலை கிடைத்ததில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

டாக்டருக்குப் படிக்கிறவர்களும் நர்சுக்குப் படிக்கிறவர்களும் தனித்தனியாகப் படித்துவிட்டு, வேலைக்கு வந்ததும் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்காமல் நோயாளியைச் சாகடிக்கிறார்கள். அதனால் படிக்கும்போதே சேர்ந்து பழகட்டும். இதுதான் டாக்டரம்மாவின் புது முறை. நல்ல முறைதான். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

ஒரு நாள் பாடத்தில் ஒரு பொறி இருந்தது. நர்சிங் பெண் தனியாக இருக்கும்போது, "எனக்குப் பென்சிலின் ஊசி ஒத்துக்காது" என்று நான் சொல்ல வேண்டும். அப்புறம் டாக்டர் மாணவன் வந்து அதே ஊசியைப் போடச் சொல்வான். அவள் மறுத்தால் கத்தவும் அவனிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அவள் எதிர்த்து நிற்கிறாளா என்பதுதான் பரீட்சை. அவளுக்கு மட்டும் இது தெரியாது.

முதலில் உள்ளே போக வேண்டிய பெண் காலையிலேயே வந்து வாசலில் நின்றாள். என்னைப் போலவே முன்னாடி வந்துவிடுகிற ஜாதி. சேத்தியாத்தோப்புப் பெண்.

"அண்ணா, இங்க ஃபெயிலு போடுவாங்களா?"

"பொம்மைம்மா. அதுக்குப் போயி இன்னா பயம்?"

"இல்லண்ணா, இந்த சர்டிபிகேட் இருந்தாத்தான் பாண்டிச்சேரில வேலைக்கு எடுத்துக்குறேன்னு சொல்லிருக்காங்க. வீட்ல வேற அதையே நம்பிக்கினு இருக்காங்க."

தண்ணீர் கொடுத்தேன். பொறியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கண்ணாடி அறைக்குள் போனதும் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் சிரித்தார். "வா மச்சான். இன்னைக்கு எத்தினி வாட்டி சாவப்போற?" டாக்டரம்மா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

அந்தப் பெண் பொம்மையின் கையைப் பிடித்துக்கொண்டு விசாரித்தாள். என் வரியைச் சொன்னேன். சீட்டில் எழுதி, கீழே கோடும் போட்டாள். மாணவன் வந்தான். ஊசியின் பேரைச் சொன்னான்.

"சார், இவருக்கு அது ஒத்துக்காதுன்னு..."

"நீ டாக்டரா, நான் டாக்டரா? போடும்மா!"

அவள் சீட்டைப் பார்த்தாள். ஊசியை எடுத்தாள். நின்றாள். பொம்மையின் முகத்தைப் பார்த்தாள். அதாவது, என்னைப் பார்த்தாள்.

பொத்தான் மேல்தான் என் விரல் இருந்தது. "வேணாம்மா, அந்த ஊசி வேணாம்" என்று ஒரு வார்த்தை. அவளுக்குத் தெம்பு வந்திருக்கும். ஆனால் எனக்கு எழுதிக் கொடுத்திருந்த தாளில் அந்த வரி இல்லை. பின்னாலிருந்து டாக்டரம்மாவின் மூச்சு என் கழுத்தில் பட்டது. வேலை போய்விடும், இந்த வயதில் யார் எடுப்பார்கள், வீட்டில் என்ன சொல்வேன் என்று என் மனசு ஓடி முடிப்பதற்குள் அவள் ஊசியைக் குத்திவிட்டாள்.

தாளில் அடுத்த வரி இருந்தது. திணறினேன். இருமினேன். அன்றைக்குப் போல் நான் நன்றாகச் செத்ததே இல்லை. திரையில் கோடு நேரானதும் அவள் "ஐயோ" என்று பொம்மையின் நெஞ்சை அமுக்க ஆரம்பித்தாள். நிறுத்தச் சொன்ன பிறகும் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு காலையில் வந்திருந்தவர்களை வட்டமாக உட்கார வைத்தார்கள்.

"எதுக்கும்மா போட்ட?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"சார் சொன்னாங்க மேடம்."

"அவன் கெணத்துல குதின்னா குதிப்பியா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாணவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

அவள் மெதுவாகச் சொன்னாள்: "போன மாசம் வார்டுல ஒரு டாக்டர்கிட்ட மாத்திரை மாறியிருக்குன்னு சொன்னேன் மேடம். எங்க காலேஜ்ல என்னைய மன்னிப்புக் கேக்க வெச்சாங்க."

அவள் கல்லூரி ஆசிரியை அங்கேயேதான் இருந்தார். போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "அது வேற. இங்க பேஷன்ட் செத்துட்டாரா இல்லியா?" என்று கேட்டு, அவள் பேருக்கு நேராகக் கோடு போட்டார். சர்டிபிகேட் கிடையாது.

மத்தியானம் புதிதாக வந்த கோஷ்டியில் அடுத்த பெண். அதே பொறி, அதே கத்தல். டாக்டரம்மா போன் பேச வெளியே போயிருந்தார். ஊசியோடு அந்தப் பெண் தயங்கினாள். நான் பொத்தானை அழுத்தி, "வேணாம்மா, அந்த ஊசி வேணாம்" என்றேன். ஆபரேட்டர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெண் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டாள். டாக்டரம்மா வந்து எல்லோரையும் கை தட்டச் சொன்னார்.

உள்ளே நடப்பதை, தங்கள் முறை முடிந்த மாணவர்கள் ஹாலில் டிவியில் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

சாயங்காலம் வாசலில் சேத்தியாத்தோப்புப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணா, உள்ள பேசுனது நீங்கதான? காலையிலயே கொரலு பழகிடுச்சு."

தலையாட்டினேன்.

"அவளுக்கு வேணாம்னு சொன்னீங்களே. எனக்கு ஏண்ணா சொல்லல?"

"மேடம் பின்னாடி நின்னுக்கினு இருந்தாங்கம்மா."

அவள் சிரித்தாள். ஜாஸ்தி நேரம் சிரித்தாள். நானும் பயத்தில் கூடவே கொஞ்சம் சிரித்துவைத்தேன்.

"நல்லா செத்தீங்கண்ணா" என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

நானும் அந்த நிறுத்தத்துக்குத்தான் போக வேண்டும். அவள் பஸ் வந்து போகும்வரை கேட்டுக்கு உள்ளேயே நின்றேன். என் பஸ்ஸும் போய்விட்டது.