ஈயக்குண்டு இல்லாத வலை

எங்கள் தெருவில் ஒரு கொட்டகை இருந்தது, அதில் எங்கள் பழைய சாமான்களையெல்லாம் ஊரார் பார்க்க வைத்திருந்தோம் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. மீன் பிடிக்கிறவர்களிடம் அப்படி என்ன பெரிய சாமான் என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். எனக்கு அதைப் பற்றிப் பேசுவதென்றால் கொள்ளை ஆசை.

பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், காவிரிக் கரையை ஒட்டி எங்கள் தெரு. ஆற்றில் பெருவெள்ளம் வந்த வருஷம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினோம். என் மாமனார் மட்டும் பேரனை விட்டுவிட்டு வீச்சுவலையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். பிள்ளையை நான்தான் தூக்கினேன். அதைச் சொல்லிச் சொல்லியே என் மாமியார் அவரை ஒரு வழி பண்ணிவிட்டார்.

தண்ணீர் வடிந்து திரும்பினால் ஆட்டுக்கல் கிடக்கிறது, அம்மி கிடக்கிறது, மற்றதெல்லாம் போய்விட்டது. ஒரு பழைய பரிசல் மட்டும் வாழைத் தோட்டத்துக்குள் புகுந்து, நாலைந்து மரத்தைச் சாய்த்துவிட்டு, அடைகாக்கிற கோழி மாதிரி உட்கார்ந்திருந்தது. யாருடைய பரிசல் என்று கடைசி வரை தெரியவில்லை. தோல் கிழிந்துபோனதை வைத்து என்ன செய்வது என்று எல்லாரும் நின்றபோது டீக்கடைக்காரர்தான் சொன்னார்:

"அடுத்த வெள்ளத்துல இதும் போயிருமப்பா. பொறவு நம்ம புள்ளைங்களுக்கு எதைக் காட்டுவீங்க? மேட்டுக் கொட்டாய்ல கொண்டுபோயி வைங்க."

அப்படி ஆரம்பித்ததுதான். ஆபீசரும் இல்லை, சம்பளமும் இல்லை. வீட்டுக்கு ஒரு நாள் முறை. முறை வருகிற வீட்டுக்காரர்கள் கூட்டிப் பெருக்கி, கதவைத் திறந்து, வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் வாய் இருந்ததே! மீன் கூடை வந்தது, துடுப்பு வந்தது, ஆரால் மீன் பிடிக்கிற பொறி வந்தது. ஒருத்தி தன் பாட்டி காலத்து அரிவாள்மணையைக் கொண்டுவந்து பெருமையாக வைத்தாள். சாயங்காலமே குழம்புக்கு மீன் நறுக்க வேண்டும் என்று எடுத்துப் போய்விட்டாள்.

வலைதான் இல்லை. வெள்ளம் கொண்டுபோனது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் எங்கள் வழக்கம். ஆண்பிள்ளை செத்தால் கருமாதி அன்று அவன் வலையைப் பரிசலில் எடுத்துப்போய் நடு ஆற்றில் விட்டுவிடுவோம். அங்கே போயும் அவன் பிடித்துச் சாப்பிட வேண்டாமா? அதனால் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் தாத்தன் வலை என்று ஒன்று இருக்காது. உயிரோடு இருக்கிறவன் வலை அவனுக்கே வேண்டும். செத்தவன் வலை ஆற்றில்.

அந்தச் சமயத்தில்தான் மாமனார் போனார். நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். ஆடிப் பதினெட்டுக்கு முன்னால் கருமாதி வந்தது. பெருக்கு அன்று ஆற்றுக்கு வருகிற கூட்டமெல்லாம் கொட்டகையை எட்டிப் பார்க்கும். என் வீட்டுக்காரர் தெருக்காரர்களிடம் அப்பன் வலையைக் கொட்டகையில் மாட்டிவிடலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

மாமியார் பாய்ந்துவிட்டார்.

"ஏஞ்சாமி, உன்ற அப்பன் அங்க வெறுங்கையோட நிக்கோணுமா? பக்கத்துல நிக்கறவங்கிட்ட ஒரு கெண்டை குடுன்னு கேக்கோணுமா? கேக்கற மனுசனா அவரு?"

"அம்மா, அது ஒண்ணுதான் பழைய நூலு வலை. அதும் போனா நாளைக்கு நம்ம வலை எப்புடி இருந்துச்சுன்னே தெரியாதுங்க."

"தெரியாட்டிப் போகுது! பார்க்கறவங்களுக்காக எம்புருசன் பட்டினி கெடக்கோணுமா?"

அவர் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு நாள் அம்மாவும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் நான், இங்கே ஒரு வாய்ச் சோறு, அங்கே ஒரு வாய்ச் சோறு. வலை விட்டத்தில் தொங்கியது. அதன் நூல் ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டிலிருந்து வந்த பருத்தி நூல். அந்த வீட்டம்மா என் மாமியாருக்குத் தோழி, வரும்போதெல்லாம் மீன் வாங்காமல் போகமாட்டார். ஆவாரம்பட்டைச் சாயம் போட்டுப் போட்டு நூல் கறுத்துக் கிடந்தது. நைலான் வலையில் அந்த வாசனை வருமா?

கருமாதி அன்று காலையில் மாமியார் வலையை இறக்கி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சரி, ஆற்றுக்குத்தான் என்று நினைத்தேன். கத்தியை எடுத்தார். வலையின் ஓரத்தைச் சுற்றி இருக்கிற ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாக அறுத்து முறத்தில் போட்டார். இழுக்கிற கயிற்றையும் அவிழ்த்தார்.

"அத்தை, என்னங்க பண்றீங்க?"

"பாகம் பிரிக்கிறேன் அம்முணி."

எங்கள் தெருவில் வலை பின்னுவது பெண்கள். ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்துக் கட்டுவதும், கயிறு திரிப்பதும் ஆண்கள். அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இத்தனை கருமாதியில் யாருக்கும் இது தோன்றவில்லையே!

மகனைக் கூப்பிட்டு முறத்தைக் கையில் கொடுத்தார். "குண்டும் கயிறும் அவரு கட்டுனது. அதைக் கொண்டுபோயி அவருகிட்ட விட்டுட்டு வா. பின்னுனது நானு. கண்ணி கண்ணியா எங்கையில ஓடுனது. நான் இன்னும் சாகலையே, என்ற பங்கை நான் யாருக்கு வேணும்னாலும் குடுப்பேன்."

"அப்ப அங்க அப்பாவுக்கு வலை வேண்டாமுங்களாம்மா?"

"அவருக்கு எப்பவும் குண்டு கட்டத்தான் தெரியும். அதை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கட்டும். நான் போயிப் பின்னித் தாரேன். அது வரைக்கும் பசிச்சா என்னை நெனைக்கட்டும்!"

அப்போதுதான் அழுதார். சிரித்துக்கொண்டே அழுதார். என் வீட்டுக்காரர் முறத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டு பரிசலுக்கு நடந்தார். நான் அன்று போல் யாரையும் கையெடுத்துக் கும்பிட்டதில்லை. ஒரு வீட்டை உடையாமல் காப்பாற்றிக் கொடுத்தார் என் மாமியார், அதுவும் ஒரு கத்தியால்.

ஆடிப் பதினெட்டு அன்று எங்கள் முறை இல்லை. இருந்தாலும் மாமியார் விடியற்காலையிலேயே கொட்டகைக்குப் போய் வலைக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார். குண்டு இல்லாததால் அது விரியாமல், காயப்போட்ட புடவை மாதிரி தொங்கியது. வெற்றிலைக் கொடிக்கால்காரர் ஒருவர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏனுங்காத்தா, இதுல எப்புடீங்க மீனு விழும்?"

"விழாதுங்க சாமி. மிச்சம் எம்புருசங்கிட்ட இருக்குது" என்றார் மாமியார். "உக்காருங்க, சொல்றேன்."