குரைப்புக்குப் பழகிய குதிரை

நாய் வண்டியின் கதவு திறந்ததும் வேட்டைநாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தடித்துப் புல்வெளியில் குதித்துக் குரைத்தன. என் கைக்கயிற்றின் மறுமுனையில் நின்ற இளம் பெட்டைக் குதிரையின் தோள், ஈ மொய்த்ததுபோலச் சிலிர்த்தது. மறுகணம் அது பின்னங்கால்களில் எழுந்தது. நான் சேற்றில் கிடந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே நகருக்கு வெளியே ஒரு குதிரை லாயத்தில் எனக்கு வேலை. அதை நடத்தியவர் என் வயதை ஒத்த ஜெர்மன் பெண். நாங்கள் முதலாளியம்மா என்போம். இலையுதிர்காலத்தில் அங்கே வேட்டைச் சவாரி நடக்கும். கொல்ல விலங்கு எதுவும் இல்லை. முன்னால் ஒருவர் வாசனைத் துணியை இழுத்துப் போவார். நாய்கள் மோப்பம் பிடித்து ஓட, குதிரைகள் பின்னால் பாயும். அந்தப் பெட்டை பிறந்த அன்று அதன் ஈரத்தைத் துடைத்தவர் முதலாளியம்மாதான். காட்டுப்பாதை, ஓடை, மரப்பாலம், லொறிச் சத்தம் என்று எல்லாவற்றுக்கும் நானும் அவருமாக அதைப் பழக்கிவிட்டோம். நாய்க்கு மட்டும் அது பழகவில்லை. வெருளும் குதிரையை வைத்துத் தீனி போட அவருக்கு வசதியில்லை. நான் விழுந்த அன்றே, அடுத்த முறையும் குதிரை இப்படி எழுந்தால் குதிரை வியாபாரியைக் கூப்பிடுவேன் என்று, என் முகத்தைப் பாராமல் சொன்னார். அந்த வியாபாரி ஏற்றிப்போகும் குதிரைகள் என்னவாகின்றன என்று லாயத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னைப்போலவே போருக்குத் தப்பி வந்து அங்கே வேலை செய்த மன்னார்க்கார அண்ணை சாணம் அள்ளியபடியே பகிடி விட்டார்: “குதிரையில பிழையில்லை தம்பி. நீ பயப்பிடுறாய், அதுவும் பயப்பிடுது.”

“நான் எங்கை அண்ணை பயந்தனான்?”

“நாய் குலைக்கேக்கை உன்ர மூஞ்சையைப் பாத்தனான். ஆமி வந்தமாதிரியெல்லோ நிண்டனி!”

சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊரில் நாய்கள் தெருவுக்குத் தெரு குரைத்துக்கொண்டு வந்தால், பின்னால் ஆமிக்காரரின், ராணுவத்தின், சுற்றிவளைப்பு வருகிறது என்று பொருள். மூச்சை அடக்கி அசையாமல் இருப்போம். அந்த மூச்சடக்கல்தான் கயிற்றின் வழியே குதிரைக்குப் போயிருக்கிறது. முதலாளியம்மாவிடம் உடைந்த ஜெர்மனில் இதைச் சொல்லி, கயிற்றை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றேன்.

“உன்னிடமிருந்து அதற்கு வந்த பயம் உன்னிடமே தெளியட்டும். பேசிக்கொண்டே நில். பேசுகிற வாய் மூச்சை அடக்காது,” என்றார் அவர்.

நாய் வண்டி மறுபடி வந்த காலையில் கயிற்றைப் பிடித்து நின்றேன். கதவு திறந்தது. குதிரையோடு தமிழில் பேசத் தொடங்கினேன்: “அங்கை பாரடி, சிவப்புக் கோட்டுப் போட்ட பெரிய மனுசர் எல்லாரும் பழந்துணிக்குப் பின்னாலை ஓடப்போகினம்.”

வேலிக்கு அப்பால் அண்ணை, “அவளுக்கு விளங்குதோ?” என்றார்.

“ஓம், உங்களைவிட விளங்குது!”

நாய்கள் எங்கள் கால்களுக்கிடையே புகுந்தன. குதிரையின் தோல் சிலிர்த்தது, முன்னங்கால் ஒன்று தரையை விட்டது. ஆனாலும் நான் பேச்சை விடவில்லை. புட்டுக்கு மாக்குழைக்கும் பக்குவம்வரை சொல்லிக்கொண்டு போனேன். கால் மெல்ல இறங்கியது. ஒரு காது நாய்களை விட்டு என் பக்கம் திரும்பியது. பிறகு மூக்கால் நீளமாக ஒரு மூச்சு. முதலாளியம்மா அதன் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டார். வியாபாரி வரவில்லை.

இப்போதும் எங்கள் தெருவில் நாய் குரைத்தால் நான் எதையாவது கதைக்கத் தொடங்கிவிடுவேன். “ஆரோடையப்பா கதைக்கிறியள்?” என்பாள் மனைவி. அந்தப் பெட்டைக்கு ஒரே இலையுதிர்காலத்தில் பயம் தெளிந்துவிட்டது. என்னைத்தான் இன்னும் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.