உட்காராத தாய்மாமன்

என் மச்சான் செந்தமிழ்செல்வன் உட்கார்ந்து பார்த்து எத்தனையோ மாதமாகிவிட்டது. பஸ்ஸே காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டுதான் வருவான். கல்யாண மண்டபத்தில் வாசலோரத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவன் கையை எடுத்தால் மண்டபம் இடிந்துவிடுமோ என்று சமையல்காரரே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

முதுநகரில் எங்கள் வீட்டுக்கு வந்தால் முதல் வேலையாக பைக்கைத் திருப்பி, முகம் ரோட்டைப் பார்க்கிற மாதிரி நிறுத்துவான். சாவியை எடுக்கவே மாட்டான். அடுத்து நேராகக் கொல்லைப்பக்கம் போய் வாளி, குடம், அண்டா என்று கண்ணில் படுகிற தண்ணீரையெல்லாம் கொட்டிக் கவிழ்த்துவிடுவான். எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருவது தேர் வருகிற மாதிரி. என் மனைவி கயல்விழி அக்கம்பக்கத்தில் சண்டை போட்டுப் பிடித்து வைத்திருப்பாள். கூடப் பிறந்த தம்பி வந்து அதையெல்லாம் சாக்கடைக்கு அனுப்பிவிடுவான். புயல் வந்தபோதுகூட எங்கள் தெரு அவ்வளவு நனையவில்லை.

நான் மணவாளன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். மூன்று பேர் உட்காருகிற இடத்தில் எட்டுப் பேரையும் ஒரு மீன் கூடையையும் உட்கார வைப்பது என் தொழில். அப்படிப்பட்ட என்னால் இந்த ஒரு ஆளை உட்கார வைக்க முடியவில்லை.

அவன் எப்போதும் இப்படி இருந்தவன் இல்லை. திட்டக்குடி பக்கம் கரும்புக் கொல்லையில் வளர்ந்தவன். இப்போது சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு தீயணைப்பு நிலையத்தில் ஃபயர்மேன். வேலைக்கு எடுக்கும்போது கயிறு ஏறச் சொன்னார்களாம். இவன் ஏறின வேகத்தைப் பார்த்துக் கயிறே பயந்து கீழே இறங்கிவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். தீயணைப்பு என்று பெயர்தான். தீ எப்போதாவதுதான் பிடிக்கும். மற்ற நேரமெல்லாம் வீட்டுக்குள் புகுந்த பாம்பு, கிணற்றில் விழுந்த மாடு, ரோட்டில் சாய்ந்த மரம். லீவில் வந்தால் எங்கள் கூடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து இட்லிச் சட்டியைக் காலி பண்ணிக்கொண்டே அந்தக் கதையெல்லாம் சொல்வான். பாம்பு மாதிரி நெளிந்து காட்டுவான், மாடு மாதிரி முழிப்பான். எங்கள் மகள் வெண்மதி அவன் மடியை விட்டு இறங்கவே மாட்டாள்.

அந்த வெண்மதிக்குத்தான் காது குத்த வேண்டியிருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தணும், அதுதான் முறை. நின்றுகொண்டே இருக்கிறவனுக்கு மடி ஏது?

முதல் தடவை நாள் குறித்தபோது லீவு கிடைக்கவில்லை என்று போனில் சொல்லிவிட்டான். குஸ்கா மட்டும் குறித்த நேரத்துக்கு வந்துவிட்டது. இரண்டாவது தடவை வந்தான். அம்மன் கோயிலில் பலகை போட்டு உட்காரச் சொன்னோம். முள் மேல் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தான். வெண்மதியை மடியில் வைத்தோம். பத்தர் காதில் பொட்டு வைத்து அடையாளம் பண்ணிவிட்டு ஊசியை எடுக்கத் திரும்பினார். அவர் திரும்பி வருவதற்குள் பிள்ளை என் கையில் இருந்தாள், பைக் தெருமுனையில் இருந்தது.

சொந்தபந்தம் சும்மா இருக்குமா? என் பெரியப்பா மகன் ஒருவர், தன் மனைவியும் கயல்விழிக்கு அக்கா முறைதான், அதனால் தன் மச்சினன் மடியும் தாய்மாமன் மடிதான் என்று கணக்குச் சொல்லி ஆளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கயல்விழி அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எந்தம்பி மடியில குத்தலன்னா எம்பொண்ணு காது மூளியாவே கெடக்கட்டும்" என்றாள். அவர் கூட்டி வந்த ஆளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனார்.

அவன் ஏன் ஓடினான் என்று பெரியவர்கள் கூடி முடிவு பண்ணினார்கள். எங்கள் பக்கம் ஒருத்தர் விசேஷத்தில் பாதியில் கிளம்பினால் காரணம் ஒன்றுதான்: சரியாக அழைக்கவில்லை. மனசு சரியில்லாமல் போவதெல்லாம் அடுத்த ஜில்லாக்காரர்களுக்கு வருகிற வியாதி என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். போனில் கூப்பிட்டால் தாய்மாமனுக்கு என்ன மரியாதை, தட்டு வைத்து அழைக்கணும் என்றார்கள். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், தேங்காய், பட்டு வேட்டி, பட்டுத் துண்டு எல்லாம் தட்டில் அடுக்கினோம். கயல்விழி தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஆட்டோவைச் சிதம்பரத்துக்கு விட்டேன். வழியில் கை காட்டியவர்கள், ஆட்டோவுக்குள் சீர் வரிசையைப் பார்த்துக் கும்பிட்டு வழி விட்டார்கள்.

தீயணைப்பு நிலையத்துக்குள் தட்டோடு நுழைந்தோம். மச்சான் முற்றத்தில் ஹோஸ் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். அடுத்த நொடி அந்தக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு, அதைக் காயப் போடுகிற உயரமான கோபுரத்தில் ஏறிவிட்டான். கீழேயிருந்து கூப்பிட்டோம். ஏற்கெனவே காய்ந்து தொங்கின குழாயையெல்லாம் அவிழ்த்து அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தான்.

தீயணைப்பு வண்டியை ஓட்டுகிற கொளஞ்சிதான் எங்களைப் பக்கத்து டீக்கடைக்குக் கூட்டிப் போனார். மீசை பெரியது, குரல் சின்னது. மரியாதைக் குறைச்சல் ஏதாவது இருந்தால் மன்னிக்கச் சொல்லுங்கள் என்று தட்டை அவரிடமே நீட்டினேன். அவர் தட்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

போன மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு அழைப்பு வந்ததாம். கொல்லைக்கு நடுவில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. விழுந்தது வெண்மதி வயசுப் பெண் பிள்ளை. செல்வன் கயிறு கட்டி இறங்கினான். அன்றைக்கு ஆள் குறைச்சல் என்பதால் மேலே கயிறு பிடித்தது கொளஞ்சி. பிள்ளையைத் தூக்கியாகிவிட்டது. ஆம்புலன்ஸ் வர முடியாத சேற்று வழி. அதனால் தீயணைப்பு வண்டியின் முன் சீட்டில், மடியில் வைத்துக்கொண்டு, வாயில் ஊதிக்கொண்டே ஆஸ்பத்திரி வரைக்கும் வந்திருக்கிறான். புதுசாகக் காது குத்தின பிள்ளை.

"வழி பூரா, அழு பாப்பா, அழு பாப்பான்னுட்டே வந்தான்" என்றார் கொளஞ்சி. "அது அழுவல."

நிலையத்துக்குத் திரும்பியதும் வண்டியைக் கழுவினார்கள், தண்ணீர் நிரப்பினார்கள், அடுத்த அழைப்புக்குத் தயாராக நின்றார்கள். அதுதான் அவர்கள் வேலை முறை. அடுத்த அழைப்பு யார் வீட்டிலோ பாம்பு. பாம்பைப் பிடித்தார்கள். அந்தப் பிள்ளையைப் பற்றி யாரும் யாரிடமும் பேசவில்லை. தானும் அன்றையிலிருந்து வண்டி ஓட்டும்போது இடது பக்க சீட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்றார் கொளஞ்சி. கயல்விழி டீயைக் குடிக்காமலே டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். எங்கள் வீட்டு வாளிகள் எனக்கு ஞாபகம் வந்தன.

நாங்கள் திரும்பி வந்தபோது மச்சான் கீழே இறங்கி, சுவர் ஓரமாகக் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான். நானும் கூடவே நடந்தேன். எனக்கு நடந்து பழக்கமில்லை. ஆட்டோக்காரன், வீட்டுக் கழிவறைக்கே ஆட்டோவில் போகிற ஜாதி.

"மச்சான், மெதுவா நடடா. என்னா ஒலிம்பிக்கா?" என்றேன்.

அவன் நிற்கவில்லை. ஆனால் வேகத்தைக் குறைத்தான்.

"ஒக்காந்தா கனம் தெரியுது மாமா. வெண்மதிய வச்சதும் அதே கனம். தொடையில அப்டியே தெரியுது. நின்னா தெரியல."

கயல்விழி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு, காது குத்துக் காத்திருக்கட்டும், நீ முதலில் யாரிடமாவது போய்ப் பேசு என்றாள்.

பேச ஆள் இருந்தார். அண்ணாமலை நகரிலிருந்து ஜான்சி என்று ஒரு மனநல ஆலோசகர் வாரா வாரம் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தார். ஆனால் அவரைப் பார்க்கப் போகிறேன் என்று எந்த ஃபயர்மேனும் வாயால் சொல்ல மாட்டான். பைத்தியம் என்று பெயர் வைத்துவிடுவார்களே. அதனால் எல்லாரும் முதுகு வலி என்று சொல்லிக்கொண்டு போவார்கள். கொளஞ்சி நாங்கள் போவதற்கு முன்பிருந்தே முதுகு வலிக்காரர். செல்வன் மட்டும்தான் முதுகை நேராக வைத்துக்கொண்டு திரிந்தவன். ஒரு வழியாக அவனுக்கும் முதுகு வலி வந்தது. முதல் தடவை மேடத்துக்கு முன்னால் நின்றுகொண்டேதான் பேசினானாம். அவரும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டே கேட்டாராம்.

அப்புறமும் ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. எங்கள் வீட்டு வாளிகள் கவிழ்ந்துகொண்டேதான் இருந்தன. சில வாரம் கழித்து அவனே போன் பண்ணி நாள் குறிக்கச் சொன்னான். நான் கயல்விழியைக் கூட்டிக்கொண்டு ஜான்சி மேடத்தைப் பார்த்தேன். உட்கார்ந்துதான் ஆகணும் என்று யாரும் அவனைக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்றார்.

"எப்ப வேணா எழுந்துக்கலாம்னு தெரிஞ்சாதான் அவரால ஒக்கார முடியும்" என்றார்.

கூட இருந்த கொளஞ்சிக்கு அது சட்டென்று புரிந்துவிட்டது. கிணற்றில் இறங்குகிறவனுக்கும் மேலே நிற்கிறவனுக்கும் கயிற்றில்தான் பேச்சாம். மேலேயிருந்து ஒரு இழு இழுத்தால், நல்லா இருக்கியா என்று அர்த்தம். கீழேயிருந்து பதிலுக்கு ஒரு இழு, நல்லா இருக்கேன். இரண்டு இழு வந்தால் உடனே தூக்கிவிடணும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது.

காது குத்து அன்றைக்குக் காலையில் அம்மன் கோயிலில் அதே பலகை, அதே பத்தர். மச்சான் பட்டு வேட்டியில் வந்தான். பட்டுத் துண்டை இடுப்பில் கட்டி, அதன் முனையைப் பின்னால் நின்ற கொளஞ்சி கையில் சுற்றிக்கொண்டார். தாய்மாமனை மாடு மாதிரி பிடித்திருக்கிறாரே, இவர் எந்த வழி உறவு என்று என் பெரியப்பா மகன் கேட்டார். கிணற்று வழி உறவு என்றேன்.

மச்சான் உட்கார்ந்தான். வெண்மதியை மடியில் வைத்தோம். அவன் கால் கட்டை விரல் தரையைத் தோண்டிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து துண்டு ஒரு தடவை இழுபட்டது. நாங்கள் எல்லாரும் அவன் கையையே பார்த்தோம். மேளக்காரர்கூட அடியை நிறுத்திவிட்டார். மச்சான் கை இடுப்புக்குப் போய் ஒரு இழு இழுத்தது.

"குத்துங்க" என்றாள் கயல்விழி.

பத்தர் குத்தினார். வெண்மதி அழுதாள் பாருங்கள். கடலில் நின்ற படகெல்லாம் புயல் எச்சரிக்கை என்று நினைத்துக் கரைக்குத் திரும்பியிருக்கும். வாழைப்பழம் காட்டினோம், பொம்மை காட்டினோம், என் மூஞ்சியைக் காட்டினேன். அழுகை ஏறிக்கொண்டே போனது. அழாதே அழாதே என்று கிழவிகள் எல்லாரும் ஒரே குரலாகச் சொன்னார்கள். மச்சான் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அழுவுது மாமா" என்றான் என்னிடம், எனக்குக் காது கேட்காத மாதிரி. "வுடுங்க. நல்லா அழுவட்டும்."

அவன் முகமெல்லாம் நனைந்திருந்தது. துண்டு இரண்டு தடவை இழுபட்டது. கொளஞ்சி ஒன்றும் கேட்காமல் அவன் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

எல்லாரும் வாசலைப் பார்த்தோம். அங்கே பைக் ரோட்டைப் பார்த்துத்தான் நின்றுகொண்டிருந்தது, சாவியும் அதிலேயே. ஆனால் இந்தத் தடவை பிள்ளை என் கைக்கு வரவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

"இன்னொரு காத நின்னுக்கிட்டே குத்திடுங்க பத்தரே" என்றான்.

தன் பரம்பரையிலேயே யாரும் நிற்கிற மாமன் கையில் வைத்துக் குத்தினதில்லை என்று பத்தர் முனகினார். பெரியவர்கள் முறை என்று ஆரம்பித்தார்கள். கயல்விழி திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த வார்த்தை அங்கேயே நின்றுவிட்டது. பத்தர் குட்டை. பலகை மேல் ஏறி நின்று குத்தினார்.

சாப்பாட்டுப் பந்தியிலும் மச்சான் உட்காரவில்லை. வெண்மதியைத் தோளில் போட்டுக்கொண்டு கோயிலைச் சுற்றிச் சுற்றி நடந்தான். அவள் விசும்பல் நின்றுவிடும் போலிருந்தால் குனிந்து என்னவோ கேட்பான். அவள் காதைக் காட்டித் திரும்ப அழ ஆரம்பிப்பாள்.