பலகையின் தவறான பக்கம்

1959 நவம்பர் 9, திங்கட்கிழமை, காலை பத்தே கால் மணி. முந்தின நாள் பிடித்த மழை விட்டிருந்தது. வாடைக் காற்று மட்டும் நிற்கவில்லை. தொண்டியில் எங்கள் கருவாட்டு ஏற்றுமதி ஆபீஸின் நான்கு ஜன்னல்களில் மூன்றைச் சாத்தியிருந்தோம். சாத்தாத நான்காவதின் ஓரத்தில் என் மேஜை. டைப்பிஸ்ட் அங்கே வந்து ஒரு தாளை நீட்டினான்.

"அண்ணே, வாரப் பத்திரிகைக்கு அனுப்பப் போறேன். ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க."

அவனுக்கு இருபத்திரண்டு வயது. முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். வேலைக்கு வந்த பிறகுதான் கடலையே பார்த்தான். வந்து ஏழு மாதம். நான் ஒரே நாற்காலியில் ஒன்பது வருஷம்.

படம் போடும் ஆசை அந்த ஆபீஸில் முதலில் எனக்குத்தான் இருந்தது. கொழும்பில் கடை வேலை பார்த்த என் மச்சான் ஊருக்கு வரும்போதெல்லாம் ஆங்கிலச் சித்திரக்கதைப் புத்தகங்கள் கொண்டுவருவார். மொத்தம் நூற்று எண்பத்தாறு. அவற்றைப் பதினொரு தொகுதிகளாக பைண்டு செய்து வைத்திருந்தேன். பக்கத்துக்கு எத்தனை கட்டம், ஒரு முகத்துக்கு எத்தனை கோடு என்று எண்ணி எண்ணிப் படித்தவன் நான். அதில் நான்கு தொகுதிகளை அவன் இரவல் வாங்கினான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புரட்டினான். ஒன்றில் குழம்புக் கறையோடு திருப்பிக் கொடுத்தான். இரண்டே மாதத்தில் பழைய பில்களின் பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்துவிட்டான். நான் ஒரு முகம் போட இருபத்திரண்டு கோடு வேண்டும். அவன் ஏழு கோட்டில் முடித்தான். அந்த முகம் சிரித்தது. என் புத்தகம், என் மச்சான் கப்பலில் சுமந்து வந்தது, சிரிப்பு மட்டும் அவனுக்கா? அந்தப் பத்திரிகைக்கு அதற்குள் நான் பதினொரு படம் அனுப்பி, பதினொன்றும் திரும்பி வந்திருந்தன.

தாளை வாங்கிப் பார்த்தேன். பாய் விரித்த படகு, அதில் ஒரே ஒரு படகோட்டி. எங்கள் கடற்கரைப் படகில் குறுக்கே ஒரு நீளப் பலகை போடுவார்கள். காற்று வரும் பக்கமாக அதை நீட்டி, நுனியில் ஆட்கள் போய் உட்காருவார்கள். காற்று பாயைத் தள்ளிப் படகைச் சாய்க்காமல் இருக்க அதுதான் எதிர்க்கனம். அவன் படத்தில் பலகை நுனியில் ஐந்து தொந்தி அதிகாரிகள், கையில் ஃபைல்கள். ஒருவர் மற்றவரிடம் சொல்கிறார்: "படகு பத்திரமாக இருக்கிறது என்று எழுதிக்கொள்ளும்."

ஒரு படகோட்டிக்கு ஐந்து அதிகாரிகளா என்பதுதான் அவன் நினைத்த வேடிக்கை. ஆனால் ஐந்து பேரையும் படகு சாய்கிற பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தான். நிஜக் கடலில் அந்தப் படகு அடுத்த அலைக்குத் தாங்காது. இரண்டு மூச்சில் எனக்குத் தெரிந்துவிட்டது. பென்சில் என் காதில்தான் இருந்தது.

"நல்லா இருக்கு, அப்படியே அனுப்பு" என்றேன். நான்கு வார்த்தை. உறை ஒட்டப் பசையும் கொடுத்தேன். கடற்கரை முழுக்க அவனைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று நினைத்தேன்.

ஐந்தாவது வாரம் படம் வந்தது. சிரிக்கத்தான் செய்தார்கள். கருவாடு இறக்க வந்த படகுக்காரர் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு இருமும் வரை சிரித்தார்.

"ஏலே, யாரு போட்டது இது? அஞ்சு பேரும் சாயிற பக்கமே குந்தியிருக்கானுவ! எழுதி முடிக்கிறதுக்குள்ள கவுந்துரும்ல!"

கீழக்கரைக்காரரான முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அல்லாவே! பத்திரமா இருக்குன்னு எழுதச் சொல்றான் பாருங்க. நம்ம லைசென்ஸ் ஆபீஸேதான்!"

தப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. அதுதான் ஹாஸ்யம் என்று எடுத்துக்கொண்டார்கள். பத்திரிகைக்குப் பத்தொன்பது பாராட்டுக் கடிதங்கள், எல்லாம் கடலோர ஊர்களிலிருந்து. தை மாதம் ஆசிரியர் அவனைச் சென்னைக்கே வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

பஸ் ஏற்றிவிட நானும் போனேன், போகாவிட்டால் என் பொறாமை தெரிந்துவிடும். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, ஆளுங்க உக்கார்ற பக்கம் தப்புன்னு படகுக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும். நீங்க தொண்டியிலே பொறந்தவுக. பாத்தப்போ தெரியலையா?"

"அவசரத்துல கவனிக்கலப்பா."

"நல்ல வேளை. சொல்லியிருந்தா மாத்திப் போட்டிருப்பேன். இன்னும் டைப்புத்தான் அடிச்சிக்கிட்டிருப்பேன்."

அவன் சிரித்தான். தெரிந்து சிரித்தானா, தெரியாமல் சிரித்தானா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து அதே படகை வரைந்தேன். பலகையை அளந்து வைத்த மாதிரி சரியான பக்கத்தில் நீட்டி, ஐந்து பேரையும் சரியாக உட்கார வைத்தேன். பதினாறாம் நாள் திரும்பி வந்தது. ஓரத்தில் ஒரு குறிப்பு: "படகு நன்றாக மிதக்கிறது. வேடிக்கை எங்கே?" கையெழுத்து அவனுடையதா என்று பழைய பில்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இல்லை. அவனுடையதாக இருந்திருந்தால், பழி வாங்கினான் என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதையும் சேர்த்து 1963 முடிய இருபத்து மூன்று படம் அனுப்பினேன், ஒன்றும் அச்சேறவில்லை. முன்னால் அனுப்பிய பதினொன்றையும் கூட்டினால் முப்பத்து நான்கு. போக ஒரு தபால் தலை, திரும்பி வர ஒரு தபால் தலை, தலை ஒன்று பதினைந்து நயா பைசா. ஆக, பத்து ரூபாய் இருபது நயா பைசா.