அப்பாவின் இருமல்

பக்கத்து வீட்டு முருகேசன் போன வாரம் வந்தார். "பாப்பாவுக்கு டெஸ்ட்டுங்க சார். எங்க என்ன பண்ணணும்னு உங்களுக்குத்தாங்க தெரியும்... கூட வாங்க."

உண்மைதான். சாதிச் சான்றிதழ் முதல் பென்ஷன் வரை நான் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. டிஸ்லெக்சியா - எழுத்து பிடிபடாத சிக்கல் - டெஸ்ட்டுக்குத்தான் போனதில்லை.

அவர் மகள் கீர்த்தனா மூன்றாவது படிக்கிறாள். எங்கள் ஓசூர்ப் பிள்ளை - தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் சண்டை போடுவாள். ஆனால் எழுத்துக் கூட்டி ஒரு வரி படிக்க வராது. பள்ளிக்கூடத்தில் 'சோம்பேறி' என்று முத்திரை குத்தியாயிற்று. டெஸ்ட்டில் சிக்கல் தெரிந்தால் தனிப்பயிற்சி கிடைக்கும். தெரியாமல் போனால்? அந்த முத்திரைதான் நிரந்தரம்.

முருகேசன் பாக்டரியில் ஷிப்ட் இன்சார்ஜ். டெஸ்ட் என்றால் பாஸாக வேண்டும் - அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். என்ன கேட்பார்கள் என்று எங்கோ விசாரித்து வந்து, ஒரு வாரம் வீட்டில் கோச்சிங்! செல்போனில் 'பீப்' அடிப்பதும், துண்டுக்கு அடியில் விரலைத் தொட்டு "எந்த வெரலு?" என்பதும்...

"இதுக்கெல்லாம் கோச்சிங் கூடாதுங்க" என்றேன்.

"சும்மா இருங்க சார். எல்.கே.ஜி. சீட்டுக்கே கொடுக்கறாங்க!"

டெஸ்ட் அன்று நானும் கூடப் போனேன். சோதித்தவர் பெங்களூரிலிருந்து வரும் இளம்பெண். ஸ்பீக்கரில் இரண்டு ஒலிகள் வரும். ஒரே மாதிரியா, வேறு வேறா - சொல்ல வேண்டும்.

பின்னால் உட்கார்ந்திருந்த முருகேசனுக்குத் திடீரென்று இருமல். ஒரே மாதிரி என்றால் ஒரு இருமல், வேறு என்றால் இரண்டு... அப்பாவும் மகளும் பேசி வைத்த ஏற்பாடு! கீர்த்தனா இருமலைக் கேட்டே பதில் சொன்னாள். பெரும்பாலும் தப்பு.

"இருமல் ஜாஸ்தியா இருக்கு சார். ஸ்வல்ப... கொஞ்சம் வெளிய இருங்க" என்றார் அந்தப் பெண்.

அப்பா போன பிறகும் பாதி தப்புதான். கையை மறைத்து, விரல்களில் அதிர்வு கொடுத்து, எது வேகம் என்று கேட்டபோதும் திணறினாள்.

முருகேசனை உள்ளே கூப்பிட்டார். "இதை மட்டும் வெச்சு முடிவு சொல்ல மாட்டேன். படிக்கறது, எழுதறதும் பாக்கணும். ஆனா இவ சோம்பேறி இல்ல. தனியா சொல்லிக்கொடுத்தா வரும்... சார், உங்க இருமலே தப்பு தப்பா வந்துச்சே? இது சில குடும்பத்துல வழிவழியா வரும். நீங்களும் உக்காருங்க."

உட்கார்ந்தார். கேட்டார். "ரெண்டும் ஒண்ணுதாங்களே மேடம்!"

"இல்ல சார். வேற வேற."

"ஐ... அப்பா ஃபெயிலு!" - கீர்த்தனாவுக்கு ஒரே குஷி.

முருகேசன் சிரிக்கவில்லை. "அப்ப... படிக்க வரலைன்னு வாத்தியார்கிட்ட நான் வாங்குன அடியெல்லாம் எந்தக் கணக்குலங்க மேடம்?"

பிள்ளைகளுக்கு டெஸ்ட் வந்துவிட்டது. வாத்தியார்களுக்கு எப்போதோ?