இரேனாவின் அட்டை

அமெரிக்காவில் ஈரி நகரத்து மின்விசிறித் தொழிற்சாலையில் இரேனா கசுபாவுக்கு ஒரே வேலை: விசிறி முகப்பில் பளபளக்கும் குரோம் வளையத்தை மாட்டுவது. பதினொரு வருஷம் அதைத்தான் செய்தார். 1956ஆம் வருஷம், செலவைக் குறைக்க வந்த எங்கள் குழுவுக்குப் பட்டறையிலிருந்து ஓர் ஆள் கேட்டோம். வாயுள்ள ஆள் என்று இவரை அனுப்பிவிட்டார்கள். கசகசா ரொட்டியும் கையுமாக வந்து உட்கார்ந்தார்.

ஒவ்வொரு பாகமும் எதற்காக இருக்கிறது என்று அட்டையில் இரண்டே சொல்லில் எழுதவேண்டும். சுவரில் இடப்பக்கம் அடிப்படை, வலப்பக்கம் துணை. இறக்கைக்கு ‘காற்றைத் தள்ளு’, இடப்பக்கம். வலப்பக்கம் போனதற்குத்தான் முதலில் கத்தி. சந்தேகம் வந்தால் பாகத்தைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்போம்.

வளையத்தின் முறை வந்தது. அது வெறும் அழகுக்கு என்று எல்லாருக்கும் தெரியும். அது போனால் இரேனாவின் மேசையும் போகும். பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. ‘கம்பிக்கூட்டை இறுக்கு’ என்று எழுதி இடப்பக்கம் குத்திவிட்டேன். மற்றவர்கள் அவசரமாக அடுத்த பாகத்தைக் கையில் எடுத்தார்கள்.

“யாருய்யா இதை எழுதினது?” என்றார் இரேனா.

“நான்தான். பேசாம ரொட்டியை வெட்டுங்க.”

“ஆர்வில், உனக்குப் பொய்கூட ஒழுங்காச் சொல்ல வரல!”

வளையத்தைக் கழற்றி விசிறியைப் போட்டார். இறக்கையை மூடியிருந்த கம்பிக்கூடு அசையவே இல்லை. என் அட்டையைக் கிழித்து, ‘விசிறியை அழகாக்கு’ என்று எழுதி வலப்பக்கம் குத்தினார். எனக்கு வந்ததே கோபம்!

“உங்க பிழைப்புல நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கிறீங்களே!”

“அதுக்காக? நூறு பாகத்துக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?”

விறுவிறுவென்று புது அட்டை எடுத்தேன். மேலே ‘இரேனா’, கீழே ‘தப்பைப் பிடி’. இடப்பக்கம், இறக்கைக்குப் பக்கத்திலேயே ஓங்கிக் குத்தினேன்.

குழுத்தலைவர் ஹாஸ்கெல் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “சந்தேகம்னா கழற்றிப் பார்க்கணும். யார் கழட்டுறீங்க?”

ஒரு கையும் எழவில்லை.

“அப்ப சரி. இரேனா, திங்கட்கிழமையிலிருந்து நீங்க நிரந்தரமா இங்கதான்.”

இரேனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேசைமேல் இருந்த விசிறியைப் பார்த்தார். “அது இருக்கட்டும். ஒரு விசிறிக்கு எதுக்குய்யா ஏழு திருகாணி?”